முன்பதிவு

ஒல்ட்டனில் எல்லா ரயிலும் நிற்கும்.
ஏறுபவர்களைவிட மாறுபவர்களே அதிகம்.
இருபத்திரண்டு வருஷமாக இங்கே இருக்கிறோம்,
தண்டவாளத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில்.
மிலானோ வண்டி போகும்போது இழுப்பறையில் கரண்டிகள் அசையும்.
அதில் ஒருநாளும் ஏறியதில்லை.

ஒக்டோபர் விடுமுறை. ஒன்பது நாள்.
மேசையில் மடிக்கணினி,
பக்கத்தில் ஆறிப்போன இடியப்பம்.
நான் கட்டம் போட்டு எழுதியிருந்தேன்:
வெனிஸ் இரண்டு இரவு, புளோரன்ஸ் இரண்டு, ரோம் மூன்று.
"இது பயணமா அம்மா, பள்ளிக்கூட நேரசூசியா?"
அபர்ணிகா, தலை நிமிராமல்.

அவளுக்குப் பதினேழு.
அவள் கேட்டது பொலோஞ்ஞா.
அங்கே ஒரு முழு நாள்,
ஒருவரும் அவளோடு கதைக்காத நாள்.
"என்ன செய்வாய்?"
"ஒண்டும் செய்யமாட்டன். அதுதான்."
கட்டத்தில் எழுதினேன்:
ஒன்றுமில்லை, காலை முதல் மாலை வரை.
அதற்கும் ஒரு ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

இரவு வேலைக்கு, பேக்கரிக்கு,
சட்டை மாட்டியபடி குகநேசன் பதுவை என்றார்.
வரைபடத்தில் அது படோவா.
எங்கள் சாமியறையில் முருகனுக்குப் பக்கத்தில்
அந்தோனியாருக்கும் ஒரு மெழுகுதிரி உண்டு.
"துலைஞ்சதை எடுத்துத் தருவார்."
"எங்களுக்கு என்னப்பா துலைஞ்சது?"
அவர் பொத்தான் போட்டுக்கொண்டே இருந்தார்,
கடைசிப் பொத்தான் வரைக்கும்.
பதுவை, அரை நாள்.

குட்டி ரைஸ் குக்கர் கொண்டுபோவதா என்று வாக்கெடுப்பு.
மூன்றுக்கு ஒன்று. தோற்றேன்.
ஊறுகாய்ப் போத்தல் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை.

திருவரன் கடைசியாக வந்தான்,
ஈரத் தலையோடு, நின்றபடி.
பத்தொன்பது. ஜனவரியில் பட்டாளப் பயிற்சி.
அழைப்புக் கடிதம் குளிர்பெட்டிக் கதவில்,
தக்காளி வடிவக் காந்தத்தின் கீழ்.
துவக்குக் கொடுப்பார்களாம்,
விடுப்பில் வீட்டுக்கும் கொண்டுவருவானாம்.
குகநேசன் அந்தக் கடிதத்தில் கை படாமல்
பால் எடுக்கப் பழகிவிட்டார்.

"நான் உங்களோட திரும்பி வரேல்லை."
நாப்போலியிலிருந்து சிசிலிக்கு. தனியே.
இரவு ரயில். கடல் வந்ததும்
ரயிலைத் துண்டு துண்டாகக் கழற்றிக்
கப்பலுக்குள் ஏற்றுவார்களாம்,
நித்திரை கொள்பவர்களோடு சேர்த்து.
காணொளி காட்டினான்.
வெளிச்சம் எரியும் பெட்டிகள், மெல்ல மெல்ல,
ஓர் இரும்பு வாய்க்குள் பின்னோக்கிப் போயின.
"வடிவா இருக்கு, என்ன?"
ஓம் என்றேன்.
கடலைப் பற்றி வேறொன்று சொல்ல வாயெடுத்து
"ஜாக்கெட் கொண்டு போ" என்றேன்.
"அம்மா, அங்க இருவத்தஞ்சு பாகை."

ரோமில் ஓர் இரவை வெட்டி
நாப்போலியில் ஒட்டினோம்.

பதினொன்றரைக்கு நான் மட்டும்.
போக நாலு, வர மூன்று.
பெட்டியின் படம் திறந்தது:
ஏழாம் பெட்டி, யன்னலோரம்,
நாலு பேருக்கு நடுவில் ஒரு மேசை.
போகும் வண்டியில் நாலையும் பச்சையாக்கினேன்.
வரும் வண்டியில் மூன்று.
மற்றது வெள்ளையாகக் கிடந்தது.
மிலானோவில் யாராவது ஏறி, கோட்டைக் கழற்றி,
அதில் இருந்து தோடம்பழம் உரிக்கக்கூடும்.
உரிக்கட்டும், ரயில் என்ன என் சொத்தா
என்று நினைத்தபடியே
அதையும் அழுத்தினேன். பச்சை.

பயணியின் பெயர் கேட்டது.
பைகள் வைக்க என்று
குகநேசனுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.
திருவரன் என்று எழுதினேன்,
வயது, பத்தொன்பது,
பயணச்சீட்டு, தனியாக.

காசு கட்டும் பொத்தானில் விரல் வைத்தபோது
கீழே ஒரு சரக்கு வண்டி போனது,
முடிவே இல்லாத மாதிரி.
கரண்டிகள் அடங்கும்வரை பொறுத்திருந்து
அழுத்தினேன்.